கேஸ் தீராது, ஒழுகும்!

கார் ஏசி கேள்வி-பதில்: இந்த வாரம் புதுச்சேரி லாஸ்பேட்டை

கத்திரி பிறந்ததிலிருந்து லாஸ்பேட்டைக் கடிதங்களில் ஒரே புலம்பல்: "ஏசி வேலை செய்யலை." மற்ற கேள்விகள் அடுத்த வாரம் வரை பொறுக்கும். வெயில் பொறுக்காது.

குறிஞ்சி நகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஐயா, வருஷா வருஷம் ஏப்ரலில் காருக்கு கேஸ் ஏற்றுகிறேன். ஜூலை பிறந்தால் மறுபடி அனல் காற்று. ஒருமுறை ஏற்றிய கேஸ் எத்தனை மாதம் வரும்?

மாதக் கணக்கே கிடையாது ஐயா, வருஷக் கணக்குதான். காரில் இருப்பது அடுப்பு சிலிண்டர் போல எரிந்து தீர்கிற கேஸ் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது, அழுத்தும்போது சூடாகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸர் அந்தச் சூட்டை வெளியே விட்டு, கேஸைத் திரவமாக்குகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாக அந்தத் திரவம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குப் பாயும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது. உடனே கொதித்து ஆவியாகிறது. நம் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கத் தேவையான சூட்டைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் உங்கள் முகத்தில் ஜில்லென்று அடிக்கிறது. பிறகு மீண்டும் கம்ப்ரஸர், மீண்டும் கண்டென்ஸர். இதில் கேஸ் எங்கே செலவாகிறது?

ரப்பர் ஹோஸ் வழியாக வருஷத்துக்குச் சில கிராம் கசிவது சகஜம். அதற்காக மூன்று மாதத்தில் அனல் காற்று வராது. உங்கள் வண்டியில் ஓட்டை இருக்கிறது. வருஷா வருஷம் நீங்கள் கட்டுவது அந்த ஓட்டைக்கு வாடகை.

கடற்கரை ஊரில் முதல் சந்தேகம் கண்டென்ஸர் மேல்தான். உப்புக் காற்று அதன் அலுமினியத்தை மெல்ல அரிக்கும், இசிஆரில் முன்னால் போகிற லாரி தெறிக்கும் கல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அடுத்து, மூட்டுகளில் இருக்கும் ஓ-ரிங்குகள், கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல், கடைசியாகக் கூலிங் காயில். கேஸ் ஏற்றும் வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னைப் பலர் மறந்தே போகிறார்கள். இருப்பதிலேயே மலிவான பாகம் அது. சோப்பு நுரையை அந்த வால்வின் வாயில் தடவி ஒரு நிமிஷம் பாருங்கள், குமிழ் வந்தால் பின்னை மாற்றி மூடியை இறுக்கிவிடலாம். கேஸ் வெளியேறும்போது கம்ப்ரஸர் ஆயிலையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகும். அதனால் ஓட்டை இருக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பல நேரம் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பெத்துசெட்டிப்பேட்டை, இல்லத்தரசி: காரை நிறுத்தினால் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் "லீக்" என்று பயமுறுத்துகிறார்.

சொட்டட்டும் அம்மா. கூலிங் காயிலில் படிந்த காற்றின் ஈரம்தான் அது, நம் ஊர்ப் புழுக்கத்தில் தாராளமாகவே வரும். கோடையில் ஏசி போட்டும் சொட்டவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். முன்சீட்டுக் காலடி மேட் நனைந்திருந்தால் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்தால் போதும், கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அசோக் நகர், வங்கி ஊழியர்: இசிஆரில் ஓடும்போது குளு குளு. ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நின்றதும் வியர்வை. சிக்னலுக்கும் ஏசிக்கும் என்ன பகை?

சிக்னலில் நின்றால் எதிர்காற்று கிடையாது, அதுதான் பகை. ஓடும்போது காற்றே கண்டென்ஸரைக் குளிர வைக்கிறது. நின்றால் அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் அப்படியே நின்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சில்லறைச் செலவிலிருந்து பெரிய செலவுக்குப் போகிற வரிசை இது.

ஃபேன் சுற்றியும் சூடு என்றால் இன்னொரு சோதனை. வண்டி நின்றபடி ஏசி ஓடட்டும். தோட்டத்துக் குழாயால் கண்டென்ஸர் மேல் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிஷத்தில் உள்ளே குளிர் திரும்பினால், கண்டென்ஸர் சூட்டை வெளியே விட முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் மண்ணும் பூச்சியும் பாலித்தீன் துண்டும் அப்பிக்கிடக்கும். வாட்டர் வாஷ் கடையில் வேகமான பீச்சலைக் கிட்டத்தில் வைத்து அடிக்க விடாதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கிவிட்டால் காற்று போக வழியே இருக்காது.

தாகூர் நகர், வாசகி: ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததும் "கம்ப்ரஸர் போச்சு, மாத்தணும்" என்றார்கள். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. நம்பலாமா?

சோதித்துக் காட்டினால் நம்புங்கள், பார்த்த மாத்திரத்தில் சொன்னால் வேண்டாம். கேஸ் ரொம்பக் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரைத் தொடங்கவே விடாது. ஆயில் வராமல் அது வறண்டு இறுகிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்காததைப் பார்த்துக் கம்ப்ரஸருக்கே பழி போடுவது இப்படித்தான். கிளட்சுக்கு 12 வோல்ட் வருகிறதா, ஃபியூஸ், ரிலே சரியா, கேஸ் அழுத்தம் எவ்வளவு என்று மூன்றையும் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். சில புதிய கார்களில் கிளட்சே கிடையாது. ஏசி போட்டதும் "டக்" என்ற சத்தம் வரவில்லையே என்று அந்த வண்டிகளில் பதற வேண்டாம்.

கம்ப்ரஸர் உண்மையிலேயே இறுகித் தேய்ந்து போயிருந்தால் அதை மட்டும் மாற்றுவது வீண் செலவு. தேய்ந்த உலோகத் தூள் லைன் முழுக்கப் பரவியிருக்கும். ஃப்ளஷ் செய்து, ஈரம் உறிஞ்சும் டிரையரையும் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும். கண்டென்ஸரின் நுண்குழாய்களில் தூள் சிக்கியிருந்தால் கழுவியும் போகாது, அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கம்ப்ரஸரும் பழையது போன வழியிலேயே போகும்.

கல்லூரி சாலை, இளைஞர்: கேஸ் போட்ட பிறகு முன்பைவிட மோசம். குறைவாகப் போட்டுவிட்டார்களா?

அதிகமாகப் போட்டிருப்பார்கள். பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், உங்கள் வண்டிக்கு இத்தனை கிராம் என்று. சின்னக் கார்களில் அரை கிலோவை ஒட்டி வரும். அதற்கு மேல் ஏற்றினால் அழுத்தம் எகிறும், கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும், குளிர் குறையும். "கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன் சார்" என்பது உபகாரம் இல்லை. வேக்குவம் போடாமல் ஏற்றினாலும் இதே கதிதான், உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் குளிரைக் கெடுக்கும். இருக்கிற கேஸை மெஷினில் இழுத்துவிட்டு, அரை மணி நேரமாவது வேக்குவம் ஓட்டி, தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

விமான நிலைய சாலை, கடைக்காரர்: ஏசி காற்று 1, 2, 3-இல் வரவில்லை. 4-இல் மட்டும் புயல்.

காற்றின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் பிளோயர் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. சின்னப் பாகம்தான், மாற்றிவிடுங்கள். மோட்டார் நன்றாக இருக்கிறது.

நெசவாளர் நகர், சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்) குடும்பத்து வாசகர்: பாரிஸிலிருந்து வந்த மகன் "அங்கே காரில் வேற கேஸ் அப்பா, உங்க கேஸ் பழசு" என்கிறான். உண்மையா?

உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2017 முதல் அங்கே விற்கும் எந்தப் புதுக் காரிலும் ஆர்-134ஏ இருக்கக் கூடாது. அதற்குப் பதில் வந்தது ஆர்-1234வைஎஃப்.

காரணத்தை ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ நூறாண்டில் பூமியைச் சூடாக்கும் அளவு, 1,430 கிலோ கரியமில வாயு சூடாக்கும் அளவுக்குச் சமம் என்று கணித்திருக்கிறார்கள். உங்கள் காரின் அரை கிலோ கேஸ் ஒழுகிப் போனால் 715 கிலோ. ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோலை எரித்தது போல. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறவர், வண்டியை எடுக்காமலே இத்தனை பெட்ரோலை எரிக்கிறார்.

அதற்கு முந்தைய கதையும் இருக்கிறது. பழைய கார்களில் இருந்தது ஆர்-12. அந்த வகைக் கேஸ்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974-இல் சொன்னார்கள், 1995-இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. 1987-இன் மாண்ட்ரீல் உடன்படிக்கை வழியாக அது உலகம் முழுக்க ஒழிந்தது. அடுத்த குறி ஆர்-134ஏ இருக்கும் எச்எஃப்சி குடும்பம். அதைக் குறைக்க 2016-இல் கிகாலியில் ஒப்பந்தம், இந்தியா ஏற்றது 2021-இல். 2028-இல் நம் நாட்டின் பயன்பாடு ஓர் அளவில் நிறுத்தப்படும், 2047-க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும். மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: இரண்டு கேஸையும் ஒரே வண்டியில் கலக்கக் கூடாது.

கருவடிக்குப்பம், வேன் உரிமையாளர்: ஒரு கடையில் பாதி விலைக்குக் கேஸ் போடுகிறார்கள். குளிரும் நன்றாக இருக்கிறதாம். போடலாமா?

வேண்டாம் அண்ணே. பாதி விலையில் என்ன இருக்கிறது என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். எரியும் கேஸைக் கலந்தாலும் குளிர் வரும். ஆனால் கூலிங் காயிலில் ஓட்டை விழுந்தால் அந்தக் கேஸ் பயணிகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள்தான் வரும், உள்ளே ஒரு தீப்பொறி போதும். ஆர்-40 என்ற மலிவுக் கேஸைக் கலந்த போலிகள் இதைவிட மோசம். அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளாக மாறும். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் இப்படி வெடித்து, பழுது பார்க்கப் போன தொழிலாளிகள் செத்துப்போனார்கள். வேனில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். சீல் உடையாத, பெயர் தெரிந்த கம்பெனி டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

புதுமணத் தம்பதி, லாஸ்பேட்டை: அவர் ஏசியின் சூடு-குளிர்க் குமிழை நடுவில் வைக்கச் சொல்கிறார், நான் முழுக் குளிரில். யார் சரி?

சாதாரண, கையால் திருப்பும் ஏசி என்றால் நீங்கள்தான். பல கார்களில் அந்தக் குமிழ் கம்ப்ரஸரைக் குறைப்பதில்லை, உள்ளே ஒரு கதவைத் திருப்பி, குளிர்ந்த காற்றில் ஹீட்டர் சூட்டைக் கலக்கிறது. குளிர வைத்ததையே சூடாக்குவது வீண். முழுக் குளிரில் வைத்து, காற்றின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் ஏசி என்றால் 24-இல் சமாதானம் ஆகிவிடுங்கள். கேஸ், கம்ப்ரஸர், ஃபேன் எல்லாம் சரியாக இருந்தும் குளிர் வராத வண்டிகளில், இந்தக் கலக்கும் கதவு சூட்டுப் பக்கம் சிக்கிக்கொண்டிருப்பதும் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் ஞாபகப்படுத்துங்கள்.

ஹெலிபேட் மைதானத்தில் தினமும் நடப்பவர்: ஏசி போட்டதும் ஊறவைத்த துணி வாடை. சென்ட் டப்பா மூன்று மாற்றியாயிற்று.

சென்ட்டை எடுத்துவிடுங்கள். ஈரமான கூலிங் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கிறது. கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படாது. கறுத்திருந்தால் புதுசு போடுங்கள். காயிலை நுரை மருந்தால் கழுவச் சொல்லுங்கள். இனி வீடு வர இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போதே ஏசியை அணைத்து, காற்றை மட்டும் ஓடவிடுங்கள். காயில் உலரும், பூஞ்சைக்கு இடமில்லை. வாடை தாங்க முடியாத நாற்றமாக இருந்தால் பிளோயருக்குள் எலி செத்துக் கிடக்கலாம். ராத்திரி நிறுத்தும்போது வெளிக்காற்று வழியை மூடி வையுங்கள், எலி உள்ளே வரும் வாசல்களில் அது ஒன்று.

விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டுபவர்: சவாரி வரும் வரை ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவேன். டீசல் செலவு போக வேறு கெடுதல் உண்டா?

உயிர் போகலாம் தம்பி. நின்ற வண்டியில் எஞ்சின் ஓடும்போது, சைலன்சரிலோ அதன் மூட்டிலோ ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்குத் தலைவலி வந்து எழும் வாய்ப்புகூடக் கிடைக்காது. மூடிய ஷெட்டுக்குள் என்றால் சைலன்சர் நன்றாக இருந்தாலும் ஆபத்துதான். நம் நாட்டில் இப்படி இறந்தவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, மர நிழலில் படுங்கள். வெயில் நேரத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஓட்டுநர்களுக்கு நிழலும் மின்விசிறியும் உள்ள ஓர் ஓய்வறை கேட்டுச் சங்கம் மூலம் மனு கொடுங்கள். அது நியாயமான கோரிக்கை.

கிருஷ்ணா நகர் வாசகர்: 2024 ஃபெஞ்சல் புயலில் தம்பியின் கார் சீட் வரை மூழ்கியது. எஞ்சினைச் சரி செய்துவிட்டான். ஏசி போட்டால் "கர்ர்ர்" என்கிறது.

நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த அந்தப் புயல், ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. எஞ்சினைக் கவனித்தவர்கள் பலர் ஏசியை விட்டுவிட்டார்கள். மூடிய லைன் என்பதால் கேஸுக்குள் தண்ணீர் போயிருக்காது. போனது மற்ற இடங்களுக்கு. கம்ப்ரஸர் கிளட்ச் பேரிங், கண்டென்ஸர் ஃபேன் மோட்டார், பிளோயர் மோட்டார், ஒயர் கனெக்டர்கள். ஏசியை அணைத்ததும் "கர்ர்ர்" குறைந்தால் கம்ப்ரஸர் அல்லது கண்டென்ஸர் ஃபேன் பக்கம், காற்றின் வேகத்தோடு ஏறி இறங்கினால் பிளோயர் பக்கம். பேரிங் மட்டும் என்றால் இப்போதே மாற்றிவிடச் சொல்லுங்கள், விட்டால் கிளட்சையும் தின்னும்.

மேட்டுப்பாளையம் லாரி முனையம், ஓட்டுநர்: கார்க்காரங்களுக்கே பதில் சொல்றீங்களே, எங்களுக்கு?

உங்களுக்குத்தான் முதலில் ஏசி வந்திருக்க வேண்டும். எஞ்சின் சூட்டின் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்கிறவர் நீங்கள். புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற மத்திய அரசு விதி 2025-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. புது வண்டி எடுக்கும் முதலாளியிடம் சொல்லி வையுங்கள்: ஏசி இருந்தால் போதாது, ஃபில்டர் மாற்றவும் பணம் ஒதுக்க வேண்டும். லாரி ஓடும் தூசிக்கு அது சீக்கிரம் அடைக்கும்.

லாஸ்பேட்டை வாசகர்: மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். பழைய மெக்கானிக்கிடமே ஏசி காட்டலாமா?

அவர் அதற்குப் பயிற்சி எடுத்திருந்தால் காட்டலாம். அந்தக் கம்ப்ரஸர் உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது, ஆரஞ்சு நிற ஒயரைத் தொடக் கூடாது. ஆயிலும் வேறு. பெட்ரோல் காருக்கு ஊற்றும் பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டு வண்டியே நின்றுவிடலாம்.

மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் மாணவர்: மெக்கானிக்கல் படிக்கிறேன். கார் ஏசி வேலையில் இறங்கலாமா? நண்பர்கள் "கேஸ் போடுற வேலையா" என்கிறார்கள்.

இறங்குங்கள். கேஸ் போடுவது குழாயை மாட்டத் தெரிந்தால் வந்துவிடும். நோய் கண்டுபிடிப்பதுதான் தொழில். இரண்டு கேஜில் இரண்டு முள்ளைப் பார்த்து, கேஸ் குறைவா, அடைப்பா, ஃபேன் கோளாறா, காற்று மாட்டியிருக்கிறதா என்று சொல்கிற ஆள் புதுச்சேரிக்கு இன்னும் நிறைய வேண்டும். கேஸ்கள் மாறுகின்றன, வண்டிகள் மாறுகின்றன, இரண்டையும் படித்தவனுக்கு வேலை காத்திருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: பழைய கேஸை "புஸ்"ஸென்று காற்றில் திறந்துவிடாதீர்கள். மெஷினில் இழுத்துச் சேமியுங்கள்.

பல வாசகர்கள்: ஒர்க்‌ஷாப்பில் ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்?

உள்ளே நுழைந்ததும் "கேஸ் போடுங்க" என்று நீங்களே மருந்தெழுதிக் கொடுக்காதீர்கள். "குளிர் வரலை, ஏன்னு பாருங்க" என்று சொல்லுங்கள். கேஸ் குறைவு என்றால் "எங்கே லீக்?" என்று கேளுங்கள், இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள். எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நேர்மையாகத் தேடி ஓட்டையைக் கண்டுபிடித்த மெக்கானிக் அதற்குக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.